பத்து கம்ப்யூட்டரும் ஒரு ரிட்டன் லோடும்

அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்குப் பத்து கம்ப்யூட்டர் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் அதில் ஒரு தில்லுமுல்லு செய்தேன். கமிஷன் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அதற்கெல்லாம் முன்னோடிகள் இருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் செய்த காரியத்துக்கு எங்கள் பக்கத்தில் பெயரே கிடையாது.

பள்ளி பெரம்பலூரில். நான் குடியிருந்தது அரியலூரில். தினமும் காலையும் மாலையும் பஸ். இரண்டு ஊரும் ஒரே மாவட்டமா, தனித்தனியா என்பதில் அந்த ஆண்டுகளில் அரசாங்கத்துக்கே ஒரு முடிவு இல்லை. பிரித்தார்கள், சேர்த்தார்கள், மறுபடி பிரித்தார்கள். எதைச் செய்தாலும் என் பஸ் மட்டும் அதே நேரத்துக்கு, அதே கூட்டத்தோடு வந்தது. நான் அங்கே கம்ப்யூட்டர் ஆசிரியர். தனியார் பள்ளி. காலையில் இருக்கும் வேலை மாலையிலும் இருக்கும் என்று யாரும் எழுதித் தரவில்லை. என் மனைவிக்கு அது நன்றாகத் தெரியும். எனக்கு அவளைவிட நன்றாகத் தெரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்போது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் சில, உலகத்தில் சும்மா கிடக்கும் கம்ப்யூட்டர்களையெல்லாம் இரவல் கேட்டுக்கொண்டிருந்தன. அவர்கள் தரும் ஒரு சின்ன புரோகிராமை நம் மிஷினில் ஏற்றிவிட்டால் போதும். ஒரு பெரிய கணக்கில் ஒரு துண்டு நமக்கு வரும். நாம் வேலை செய்யாத நேரத்தில் மிஷின் அதைப் போட்டுக்கொண்டிருக்கும். முடிந்ததும் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்த துண்டை வாங்கிக்கொள்ளும். நான் சேர்ந்தது புரதக் கணக்கில். உடம்பில் இருக்கும் புரதம் ஒரு விதமாக மடிய வேண்டுமாம். தப்பாக மடிந்தால் மறதி நோய் மாதிரி ஏதேதோ வருமாம். அது எப்படி மடிகிறது என்று பார்க்கும் கணக்கு. கூலி கிடையாது. இணையத்தில் ஒரு பட்டியல் இருக்கும். அதில் நம் பெயருக்கு எதிரே புள்ளி ஏறும். அவ்வளவுதான்.

மனிதகுலத்துக்காகச் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. உண்மை என்னவென்றால், அந்தப் பட்டியல். பள்ளிக்கூடத்தில் படித்தபோதுகூட நான் எந்தப் பட்டியலிலும் மேலே ஏறியதில்லை. இதில் தூங்கினாலும் ஏறலாம் என்றார்கள்.

"ஏங்க, சும்மா ஒருத்தன் ஒங்க மிஷின கேக்குறான்னா அதுல என்னமோ இருக்குங்க," என்றாள் மனைவி.

"மருந்து கண்டுபிடிக்கிறாங்களாம்டி."

"நம்ம வூட்டு கம்ப்யூட்டர்லயா?"

அவள் கேட்டதும் எனக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. புரதம் என்று சொல்லிவிட்டு அணுகுண்டுக்குக் கணக்குப் போடுகிறார்களோ? பிறகு போலீஸ் வந்து, குண்டு போட்ட மிஷின் எது என்று கேட்டால்? பயத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். பதிவு செய்யும் இடத்தில் என் பெயரைக் கொடுக்காமல், ஏதோ ஒரு வெள்ளைக்காரப் பெயரை என் மனதுக்குத் தோன்றியபடி கட்டிக் கொடுத்தேன். போலீஸ் வந்தால் அவனைத் தேடிக்கொண்டு போகட்டும்.

வீட்டு மிஷினால் ஒன்றும் ஆகவில்லை. ரொம்பப் பழசு. எங்கள் தெரு வழியாகத்தான் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். மிஷினைத் திறந்தால் உள்ளே விசிறியின் மேல் வெள்ளையாகப் புழுதி மாவு மாதிரி படிந்திருக்கும். அதைத் துடைத்துத் துடைத்து ஓட்டியும், ஒரு துண்டு முடிக்கக் கெடுவுக்கு மேல் ஒரு நாள் ஆனது. கெடு தாண்டினால் அந்தத் துண்டை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். என் வெள்ளைக்காரன் பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தான். அவன் மேல் எனக்கே இரக்கம் வந்தது.

இந்த நிலைமையில்தான் தாளாளர் என்னைக் கூப்பிட்டு, லேபுக்குப் பத்து மிஷின் வாங்க வேண்டும், திருச்சிக்குப் போய் நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கய்யா என்றார்.

தாளாளர் லாரி முதலாளி. அரியலூர் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து ஆலத்தியூர் சிமெண்ட் ஆலை வரைக்கும் அவர் வண்டிகள் கல் அடித்துக்கொண்டிருந்தன. லாரிகளுக்கு அப்புறம்தான் அவருக்குப் பள்ளிக்கூடம் வந்தது. எதைப் பேசினாலும் வண்டியில்தான் முடிப்பார். ஆட்கள் மேல் சந்தேகம் வந்தால் அவர் கோபப்பட மாட்டார். மரியாதை கூடும். 'வாய்யா' என்பவர் 'வாங்க' என்று ஆரம்பித்தால், அந்த டிரைவர் பேட்டா வாங்கிக்கொண்டு வேறு ஆபீஸ் பார்க்கத் தொடங்கிவிடுவான் என்பார்கள்.

திருச்சிக் கடையில் நான் கேட்ட சாமான்களைக் குறித்துக்கொண்டே வந்த கடைக்காரர் பேனாவை மூடிவிட்டார்.

"சார், ஒங்க ஸ்கூல்ல பசங்க என்ன சார் பண்ணுவாங்க?"

"டைப்பிங். அப்புறம் புரோகிராம் கொஞ்சம். சின்னவங்க படம் வரைவாங்க."

"வூடு, மலை, நடுவுல சூரியன். அதுக்கு இந்தச் சில்லு எதுக்கு சார்? இதுலயே கொறச்ச மாடல் இருக்கு. எல்லா ஸ்கூலும் அதான் எடுக்குறாங்க."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. குறைந்த மாடலில், மிஷினுக்கு மூளையான சில்லுக்குள் இருக்கும் சின்ன நினைவகத்தைப் பாதியாக வெட்டியிருப்பார்கள். படம் வரைய அது போதும். புரதம் மடிக்கப் போதாது. புள்ளிக்கு அப்புறம் பத்து இலக்கம் வரைக்கும் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டிய கணக்கு அது. எனக்கு முழுச் சில்லு வேண்டும். அதன் தலையில் உட்காரும் விசிறி நல்லதாக வேண்டும். பவர் சப்ளை பெட்டி, ராத்திரி பகல் ஓடினாலும் படுக்காததாக வேண்டும். அதற்கு ஒரு வழி தெரியும் எனக்கு. லேபிளில் போட்டிருக்கும் வாட்ஸை நம்பக் கூடாது. கையில் தூக்கிப் பார்க்க வேண்டும். கனமாக இருந்தால் உள்ளே செம்பு இருக்கிறது. லேசாக இருந்தால் உள்ளே ஸ்டிக்கர்தான் இருக்கிறது. நான் கடையில் ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கித் தூக்கிப் பார்த்ததை, பூசணிக்காய் வாங்க வந்தவனைப் பார்ப்பது போலக் கடைக்காரர் பார்த்தார்.

"வருங்காலத்துக்குத் தேவைப்படும்," என்றேன். காது சூடானது.

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "சார், வெளிப்படையா பேசிக்குவோம். ஒங்களுக்கு எவ்ளோ வெக்கணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாங்க!"

"ஒண்ணுமே வேணாமா?" அவர் முகத்தில் அப்போதுதான் உண்மையான சந்தேகம் வந்தது. அதுவரை என்னைச் சாதாரணத் திருடன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

விலை ஏறிவிடக் கூடாதே. அதனால் கண்ணுக்குத் தெரிகிற எல்லாவற்றையும் வெட்டினேன். மானிட்டர் சின்னது. ஸ்பீக்கர் இல்லை. சி.டி. டிரைவ் பத்தில் இரண்டுக்கு மட்டும். நீல விளக்கு எரியும் அழகான கேபினெட்டை ஒதுக்கிவிட்டு, ரேஷன் கடை பீரோ மாதிரி ஒரு சாம்பல் நிற கேபினெட்டை எடுத்தேன். பின்பக்கம் அதில் ஓட்டை அதிகம், காற்று போகும். தாளாளர் வந்து இறங்கிய சாமானைப் பார்த்துவிட்டு ஆசிரியர்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சாரப் பாருங்க. ஆடம்பரம் ஒண்ணு இல்ல. இப்படி ஒரு ஆளு பர்ச்சேஸுக்கு வேணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். பிசிக்ஸ் வாத்தியார் மட்டும் தட்டவில்லை. என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவர், என் சிரிப்பில் எது எந்த வகை என்று அறிந்தவர்.

"யோவ் கம்ப்யூட்டரு, எதுக்குய்யா நீ இப்ப சிரிச்ச?"

"சிரிக்கலையே."

"அப்ப அது என்ன?"

அவருக்கு மட்டும் சொன்னேன். சொன்ன நிமிஷத்திலிருந்து அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பத்து மிஷினும் ஓடின. அந்த ஓட்டத்தை என்னவென்று சொல்வது! மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆபீஸ் போன் லைனைப் பிடுங்கி மோடத்தில் சொருகி, துண்டுகளை வாங்கிப் பத்துக்கும் பிரித்து விடுவேன். பிறகு லேபைப் பூட்டினாலும் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். என் வெள்ளைக்காரன் பட்டியலில் விடுவிடுவென்று ஏறினான். அவன் ஏற ஏற எனக்குத் தூக்கம் போனது. தலைமை ஆசிரியை லேப் பக்கம் நடந்தால் ஓடிப்போய்க் கதவை மறைத்துக்கொண்டு நிற்பேன். எலெக்ட்ரீஷியன் மீட்டர் பெட்டியை எதற்கோ திறந்தார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கால் மணி நேரம் நின்றேன். அவர் பல்லியை விரட்டத் திறந்தாராம்.

காலாண்டு விடுமுறை வந்தது. பத்து நாள் பள்ளி இல்லை. எனக்கு அது அறுவடை. எல்லா மிஷினிலும் பெரிய துண்டாகப் பார்த்து ஏற்றிவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தேன். விடுமுறைக்குள் ஆயுத பூஜை வரும். அன்று தாளாளர் அரியலூர் ஷெட்டில் லாரிகளுக்குப் பூஜை முடித்துக்கொண்டு, பதினோரு மணிக்குப் பள்ளிக்கு வந்து பஸ்ஸுக்கும் லேபுக்கும் பூஜை போடுவார். ஆயுத பூஜையன்று எந்த மிஷினும் ஓடக் கூடாது. அது ஓய்வு நாள். அவர் ஷெட்டில் அன்று கிரீஸ் துப்பாக்கிகூடக் குளித்துவிட்டுப் பொட்டோடு உட்கார்ந்திருக்கும். நான் ஒன்பதரைக்கே போய் எல்லாவற்றையும் அணைத்து, ஆறவிட்டு, நல்ல பிள்ளையாக வாசலில் நிற்பதாகத் திட்டம்.

என் திட்டத்தில் பஸ்ஸுக்கும் அன்று ஆயுத பூஜை என்பதை மறந்துவிட்டேன். அரியலூர் ஸ்டாண்டில் பஸ் முகப்பில் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினார்கள். மாலை போட்டார்கள். கண்டக்டர் சூடம் காட்டினார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள்.

"எப்பங்க எடுப்பீங்க?" என்றேன்.

"ஏறி உக்காருங்க சார். சாமி காரியம்," என்றார் கண்டக்டர், பொரியை என் கையில் கொட்டிக்கொண்டே.

பெரம்பலூரில் நான் இறங்கும்போது பத்தே முக்கால். ஓடினேன். லேபைத் திறந்ததும் முகத்தில் அடித்தது அனல். மூடிய அறையில் பத்து மிஷின் ஐந்து நாளாக நிறுத்தாமல் மூச்சு விட்டிருந்தது. எல்லாவற்றையும் அணைத்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். இரண்டு ஃபேனையும் முழு வேகத்தில் விட்டேன். அதுவும் போதாமல் வருகைப் பதிவேட்டை எடுத்து ஒவ்வொரு கேபினெட்டுக்கும் விசிறினேன். மூன்றாவதற்கு விசிறிக்கொண்டிருக்கும்போது வாசலில் பிசிக்ஸ் வாத்தியார் நின்றார்.

"என்னய்யா, மாப்பிள்ளைக்கு விசிறுற மாதிரி?"

"சூடா இருக்குய்யா!"

"அவரு கேட்டாண்ட வந்துட்டாரு."

தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். ஊழியர்கள் சிலர் பின்னால். முதல் மிஷின் தலையில் மூன்று விரலால் சந்தனம் இழுத்து, நடுவில் குங்குமம் வைத்தார். இரண்டாவதற்கு வைத்தார். மூன்றாவதற்குப் போனபோது எதையோ கவனித்தவர் போலத் திரும்பி முதலாவதைப் பார்த்தார். ஈரச் சந்தனம் அதற்குள் வெளுத்து, ஓரம் காய்ந்து நின்றது.

லாரி முதலாளிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையில் ஷெட்டுக்கு வந்ததும் நிற்கிற வண்டியின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்கள். ராத்திரி நின்றிருந்த வண்டி என்று டிரைவர் சொல்வான்; பானெட் வேறு கதை சொல்லும். தாளாளர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். கேபினெட்டின் முன்பக்கத்தைத் தொட்டு ஏமாறுகிற ஆள் அவர் இல்லை. கையைப் பின்னால் கொண்டுபோய், பவர் சப்ளை பெட்டி இருக்கும் இடத்தில், நான் கடையில் தூக்கித் தூக்கிப் பார்த்துப் பொறுக்கிய அதே பெட்டியின் மேல், உள்ளங்கையை வைத்தார்.

"சார்," என்றார். "வண்டி எங்கயோ போயிட்டு வந்திருக்குங்களே?"

ஜன்னல் வழியாக வெயில் அடிக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வைரஸ் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் மாலை போட்டிருப்பார். பிசிக்ஸ் வாத்தியார் கண்ணாலேயே எனக்கு ஏதோ சொன்னார். நான் வாயைத் திறந்தேன். புரதம், மடிப்பு, மறதி நோய், அமெரிக்கா, பட்டியல், புள்ளி எல்லாம் வரிசை இல்லாமல் கொட்டின. அவர் கேட்காத அணுகுண்டைக்கூட, "அது இல்லைங்கய்யா, நான் விசாரிச்சுட்டேன்," என்று நானே கொண்டுவந்து வைத்தேன். பிசிக்ஸ் வாத்தியார் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

தாளாளர் பொறுமையாகக் கேட்டார். "எவ்ளோ நாளா சார் ஓடுது?"

"வாங்குன நாள்லேர்ந்துங்க."

"வாங்குன நாள்லேர்ந்தா." பெட்டியிலிருந்து கையை எடுத்தார். "அப்ப வாங்குனதே அதுக்குத்தானா?"

இதற்குத்தான் நான் பயந்தேன். மிஷின் ஓடியதற்கு மன்னிப்பு உண்டு. பத்து சாமானையும் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியபோது ஒருமுறையாவது பிள்ளைகளை நினைத்தேனா? 

"சாவிய இங்க வெச்சிடுங்க சார். பூசைக்கு வாங்க."

போனேன். பூஜை முடிந்து எல்லோரோடும் உட்கார்ந்து பொரியும் சுண்டலும் தின்றேன். வேலை போகப்போகிறவனுக்குச் சுண்டல் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன். உப்பு சரியாக இருந்தது.

வீட்டில் சொன்னபோது மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்: "வேலை இருக்கா, இல்லையா?"

"சொல்லல. 'வாங்க, வெச்சிடுங்க'ன்னு மரியாதையா பேசுறாரு."

"ஐயையோ," என்றாள்.

விடுமுறை முடிவதற்கு இரண்டு நாள் முன்பு, அரியலூர் ஷெட்டுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஆபீஸ் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் இரண்டு டிரைவர்கள் விசாரணைக்குக் காத்திருந்தார்கள். மூன்றாவதாக நான் உட்கார்ந்தேன். மீசை வைத்தவர் நகர்ந்து இடம் விட்டார்.

"சாரு எந்த வண்டி?"

"வண்டி இல்லீங்க. ஸ்கூலு. கம்ப்யூட்டரு."

"அதுலயும் லோடு அடிக்கலாமா?"

"அடிச்சுட்டேங்க."

மீசைக்காரருக்கு ஆர்வம் வந்துவிட்டது. "நான் வாலிகண்டபுரத்துக்கு ஒரு நடை செங்கல். இவன் திருமானூருக்குக் கரும்பு. நீங்க என்ன சார் ஏத்துனீங்க?"

"கணக்குங்க. நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிற கணக்கு."

"எங்க எறக்குனீங்க?"

"அமெரிக்கா."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அவர்கள் கண்ணில் பெரிய ஆளாகிவிட்டேன். "அடேங்கப்பா. வாடக நல்லா வந்திருக்குமே?"

"வாடகையே கெடையாதுங்க."

"சும்மாவா?"

"சும்மாதாங்க. பட்டியல்ல பேரு வரும்."

"ஒங்க பேரா?"

"இல்லீங்க. பயத்துல வேற பேரு குடுத்துட்டேன்."

கரும்புக்காரர் இதுவரை பேசவில்லை. மெதுவாக மீசைக்காரர் காதில் சொன்னார், எனக்கும் கேட்டது. "அண்ணே, கொஞ்சம் தள்ளி உக்காரு."

உள்ளே என்னைக் கூப்பிட்டார்கள். தாளாளர் மேஜையில் ஒரு கட்டு டிரிப் சீட்டு. "சார், ஒக்காருங்க. காலி வண்டி திரும்பி வர்றப்ப ரிட்டன் லோடு ஏத்துறது ஒலகத்துல இல்லாதது இல்ல. நானே ஏத்தச் சொல்லுவேன். ஓனருக்குத் தெரியாம ஏத்துனாதான் திருட்டு. சரி, ஏத்துனீங்க. எறக்குன சீட்டு இருக்கா?"

இருந்தது! அந்தத் திட்டக்காரர்கள் ஒரு சான்றிதழ் தருவார்கள், நாமே அச்சடித்துக்கொள்ளலாம். மடித்துச் சட்டைப்பையில் கொண்டுபோயிருந்ததை எடுத்து வைத்தேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது யாரு சார்?"

"நான்தாங்க."

"இந்த வெள்ளக்காரனா?"

"ஆமாங்க."

"நீங்க எப்பங்க இவனானீங்க?"

பதில் சொல்ல முயன்றேன். போலீஸ் என்ற சொல் என் வாயிலிருந்து வந்ததும் அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். பொய்ப் பெயர் கொடுக்கிறவன் எதை ஏற்றினான் என்று யாருக்குத் தெரியும்? அவர் இடத்தில் நான் இருந்தால் என்னை அப்போதே அனுப்பியிருப்பேன்.

அவர் அனுப்பவில்லை. "டிரைவர் மேல சந்தேகம்னா நான் ஒண்ணு பண்ணுவேன் சார். அவன் கூடவே ஏறி உக்காந்துடுவேன். ஒரு முழு டிரிப்பு. வாயே தொறக்க மாட்டேன். திருடனா இருந்தா மூணாவது டீக்கடையில தானா ஒளறிடுவான். பள்ளிக்கூடம் தொறக்கட்டும். நான் வரேன். ஏத்துறதுலேர்ந்து எறக்குறது வரைக்கும் பாக்கணும். அப்புறம் ஒங்க வேலைய பேசுவோம்."

பள்ளி திறந்த அன்று காலை வந்துவிட்டார். லேபை அவரே திறந்தார்; பூஜையன்று நான் அணைத்த பத்தும் அப்படியே கிடந்தன. ஐந்தாவது மிஷின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இதுல ஏத்துங்க," என்றார். மோடம் கீச்சிட்டு ஒரு துண்டை வாங்கியது. திரையில் உருண்டையும் குச்சியுமாகப் புரதம் ஒன்று நெளிந்தது.

"என்ன சார் இது, எறா மாதிரி சுருண்டுக்கிட்டு கெடக்கு?"

"புரதங்கய்யா."

"முட்டையில இருக்குமே, அதா?"

"அதே சாதிதாங்க."

அதற்கு மேல் பேசவில்லை. சொன்னபடி வாயே திறக்கவில்லை. பின்னால் வகுப்புகள் வந்து போயின. அவர் வந்து உட்கார்ந்திருந்த மூன்று நாள் போல அமைதியான கம்ப்யூட்டர் வகுப்பை நான் என் உத்தியோகத்தில் பார்த்ததில்லை. வீட்டிலிருந்து அவருக்குச் சாப்பாடு வந்தது. அங்கேயே திரையைப் பார்த்தபடி சாப்பிட்டார். மாலை ஐந்து மணிக்கு முப்பத்தாறு சதவீதம். மிஷினை அணைக்கச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் பேசாமல் இருக்க இருக்க, நான் செய்யாத குற்றங்கள் எல்லாம் நினைவுக்கு வந்து, ஒப்புக்கொள்ள வாய் துடித்தது. பிசிக்ஸ் வாத்தியார் பஸ்ஸில் சொன்னார்: "நாளைக்கு வாயில வெத்தலைய போட்டுக்கிட்டு வாய்யா. தொறக்க முடியாது."

இரண்டாம் நாள் அறுபத்தொன்றில் கரண்ட் போனது. யு.பி.எஸ். சும்மா ஒரு கூவல் கூவிவிட்டுப் படுத்தது. கரண்ட் வந்து மிஷின் எழுந்தபோது ஐம்பத்தொன்பது என்று காட்டியது.

தாளாளர் மெதுவாகத் திரும்பினார். "ஏன் சார் பின்னாடி போவுது? மீட்டர திருப்புறீங்களா?"

"ஐயா, சத்தியமா இல்லைங்க! அது கடைசியா எழுதி வெச்ச எடத்துலேர்ந்து திரும்ப ஆரம்பிக்கும். நடுவுல போட்டது போச்சு!"

"போட்ட கணக்கு போச்சா?"

"போச்சுங்க."

"அடப்பாவமே," என்றார். அந்த ஒரு சொல்லில் 'சார்' இல்லை, 'ங்க' இல்லை. எனக்குச் சின்னதாக ஒரு நம்பிக்கை வந்தது. உடனே அதன் மேலும் சந்தேகம் வந்தது.

மூன்றாம் நாள் மூன்றரை மணிக்கு நூறு. ஆபீஸ் லைனைக் கொண்டுவந்து சொருகினேன். முதல் தடவை நடுவிலேயே அறுந்தது. இரண்டாவது தடவையும் அறுந்தது. தாளாளர் எழுந்து நின்று, மோடத்தின் விளக்கை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை போய்ச் சேர்ந்தது. பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி வந்தது. பட்டியலைத் திறந்து காட்டினேன். வெள்ளைக்காரனுக்குப் புள்ளி ஏறியிருந்தது.

"எறங்கிடுச்சு," என்றார். "மொதல்ல அந்த ஆளு பேர எடுங்க. ஸ்கூல் பேரப் போடுங்க."

"சரிங்கய்யா."

"இது எப்ப மருந்தாவும்?"

"தெரியாதுங்க. இருபது வருஷம்கூட ஆவலாம்."

"இருவது வருசமா! அதுக்கா இப்படி அடிச்சு ஓட்டுனீங்க, சந்தனம் காயற அளவுக்கு?" சட்டைப்பையிலிருந்து லேப் சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "வேலையப் பாருங்கய்யா. ஒம்பது மிஷின் பசங்களுக்கு. ஒண்ணே ஒண்ணு ஓடட்டும். எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் சாமான் தெரியுமே."

'சார்' போய் 'ய்யா' வந்துவிட்டது. வேலை இருக்கிறது! அந்தச் சந்தோஷத்தில் நான் ஒழுங்காக யோசித்து, ஆராய்ந்து, உண்மையைச் சொன்னேன். "ஏழாவதுங்கய்யா. அதுக்குப் பின்னாடி ஜன்னல். காத்து வரும், சூடு தங்காது. விசிறியும் சத்தமில்லாம ஓடும்."

அவர் முகம் லேசாக வாடியது. "ஏழாவதா?" ஐந்தாவது மிஷினின் தலையைப் பார்த்தார். "நான் மூணு நாளா இதுகிட்ட உக்காந்திருந்தேன். இதச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். சரிங்க சார், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்க."

இரண்டு 'ங்க', ஒரு 'சார்'. என் காது சூடானது.

"அஞ்சாவதுதாங்கய்யா நல்லது!" என்றேன். "தப்பா எண்ணிட்டேன். ஒண்ணாம் நம்பர் மிஷினே அஞ்சாவதுதாங்க!"

ஐந்தாவது, சுவரோரமாக, காற்றே வராத மூலையில் இருந்தது. பத்தில் அதன் விசிறிதான் மட்டம். கடையில் எப்படியோ என் கண்ணுக்குத் தப்பி வந்தது. கட்டை வண்டி மாதிரி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு, நான் அந்தப் பள்ளியை விடும்வரை அதுதான் ஓடியது. வாரத்துக்கு ஒருமுறை தாளாளர் வந்து எத்தனை சதவீதம் என்று பார்ப்பார்.

"நல்லாத்தான் இழுக்குது. நீங்க பாத்து எடுத்தது," என்பார்.

"ஆமாங்கய்யா," என்பேன்.